கழிக்காத ஓட்டு

குடவாசல்
ஜூன் 1991

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

குவைத்தில் சண்டை ஓய்ந்துவிட்டது என்கிறார்கள். உங்களோடு போன நௌஷாத்கூட ஊர் வந்து சேர்ந்துவிட்டார். உங்களைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

தேர்தலுக்கு முன்னால் உங்கள் கூட்டாளி தமிழரசன் கட்சிக்காரர்களோடு வந்தார். எந்தச் சாதி, எந்த மதம் என்று பிரித்து வீடுவீடாக ஓட்டு எண்ணினார்கள்.

"இந்தத் தெருவுல முஸ்லிம் ஓட்டுதான் அண்ணி அதிகம். ஆனா ஆம்பளைங்க பாதிப் பேரு வெளிநாட்டுல இருக்காங்க. அண்ணன் ஓட்டைக் கழிச்சுடவா?"

"கழிக்காதீங்க தம்பி, வந்துடுவாங்க" என்றேன்.

ஓட்டுச்சாவடியில் என் பெயரைத் தேடிய அதிகாரியிடம், உங்கள் பெயரும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"உங்க வீட்டுக்காரர் காலையிலயே வந்து போட்டுட்டுப் போயிட்டாரேம்மா."

கட்சி ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த தமிழரசன் தலையைக் குனிந்துகொண்டார். கள்ள ஓட்டு என்று எனக்குத் தெரியாதா மச்சான்? ஆனாலும் என் ஓட்டைப் போடாமலே வெளியே ஓடினேன். கடைத்தெருவில் எதிரே வந்த ஆண்களின் விரலையெல்லாம் பார்த்தேன். மை இருந்தால் முகத்தையும் பார்த்தேன். அவர்கள் என்ன நினைத்தார்களோ!

பைத்தியக்காரி என்று சிரிக்காதீர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். அவ்வளவு தூரம் வந்தவர், வீட்டுக்கு ஏன் வரவில்லை?

வஸ்ஸலாம்.
உங்கள் மனைவி