அத்தா நீட்டாத கை

அன்புள்ள இஷாக் அண்ணனுக்கு, உங்கள் மீது சாந்தி நிலவட்டும்.

தினமும் போனில் பேசிவிட்டுக் கடிதமும் எழுதுவதற்கு மன்னியுங்கள். நம் வீட்டில் போன் ஸ்பீக்கரில்தான் பேசும். இது அத்தா கேட்கக் கூடாதது. லீவு முடிந்து சவூதிக்கு, உங்கள் தம்மாமுக்கே திரும்பும் ஜெய்தூன் பீவி மாமி மகனிடம், ஊறுகாய் டப்பாவோடு கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை என் நிக்காஹ் தேதி பேச மாப்பிள்ளையின் மாமா வந்திருந்தார். சலாம் சொல்லி இரண்டு கையையும் நீட்டினார். அத்தா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் பதில் சொன்னார். ஆட்டோவில் ஏறும்போது அந்த மாமா, "கைகூடக் குடுக்க மாட்டேங்குறாரு. இம்புட்டுத் தெனாவட்டா?" என்றது என் காதில் விழுந்தது.

தெனாவட்டு இல்லை அண்ணே. வலது கையில் இரண்டு விரல்கள் வீங்கியிருக்கின்றன. காலையில் ஒரு மணி நேரம் மடங்குவதே இல்லை. அம்மாதான் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுகிறார்.

போன வாரம் எனக்குத்தான் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி அத்தாவை ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும், "எனக்கில்ல, இவங்க கையப் பாருங்க" என்றேன். எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. இருபது வருடமாகத் தோலில் இருந்த சொரியாசிஸ் இப்போது மூட்டையும் பிடித்துவிட்டதாம். இது கண்ணையும் பிடிக்கலாமாம்; கண் சிவந்து வலித்தால் அன்றைக்கே வரச் சொன்னார். தொற்றாது, தோல் ஷாப்பில் அத்தா தோல் பதனிடும் வேலையால் வந்ததும் இல்லை. மருந்து இருக்கிறது. தள்ளிப்போட்டால் விரல் கோணிவிடும், பிறகு நேராகாது.

அத்தாவோ, "நிக்காஹ் முடியட்டும்மா. ஆஸ்பத்திரி வாசல்ல யாராச்சும் பாத்தா பேச்சே நின்னுரும்" என்கிறார். "அங்கிட்டு ஒண்ணும் சொல்லிக்க வேணாம்" என்று நீங்களும் சொன்னீர்கள். என் நல்லதுக்குத்தான். ஆனால் நிக்காஹுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அத்தாவின் விரல்களைக் கொடுத்து எனக்கு ஒரு கல்யாணம் வேண்டாம். டாக்டர் எழுதியதைப் படிக்கத் தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்திதான். நானும் சும்மா இருக்க முடியாது. அடுத்த வியாழனுக்கு டோக்கன் போட்டுவிட்டேன்.

அல்லாஹ் உங்களை நலமாக வைக்கட்டும். வெயிலில் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். மாப்பிள்ளை சதாம் உங்கள் அறையில்தானே இருக்கிறார். அத்தாவின் நோயை நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கு வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னதையும் மறைக்காதீர்கள். அவர் என்ன பதில் சொன்னாலும் சரி. வியாழனுக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வராமலிருக்க அத்தாவிடம் காரணம் இருக்கக் கூடாது.

உங்கள் தங்கை,
அஃப்சானா
நாகல் நகர், திண்டுக்கல்