உன் தொட்டிக்குப் போதுமான வெளிச்சம்

மாப்ள,

எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கும், பொறுத்துக்கொள். 'ழ' இன்னும் என் கைக்கு அடங்கவில்லை. காலையில் உன் மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினேன். அந்த ஈர வாசம் கையை விட்டுப் போகவில்லை. அதனால்தான் நோட்டை எடுத்துவிட்டேன்.

நீ கண்ணை மூடியபிறகு உன் மகள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரச்சொல்லித் தொட்டியைக் கொடுத்தாள். நாம் வேலை பார்த்த மில்லின் கழிவுப் பஞ்சை நனைத்து, செடிகளில் சுற்றிக்கொண்டேன். மூன்று மீன்களும் பையில். ராஜபாளையம் வருவதற்குள் பஸ்ஸில் உன் பழைய விளக்கு உடைந்துவிட்டது.

"அப்பா உங்களுக்குன்னு எழுதினது, மாமா" என்று ஒரு காகிதமும் தந்தாள். முப்பது வருடம் உன்னிடம் மறைத்ததை இப்போது சொல்கிறேன்: அப்போது எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீ பேப்பரை நீட்டும்போதெல்லாம் "கண்ணாடி கொண்டாரலை" என்றது பொய். காகிதத்தை யாரிடமும் காட்ட வெட்கப்பட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"ஏலே, இருட்டுல செடி எப்படிலே வளரும்?" என்று உன்னைக் கேலி செய்வேன். "உனக்கு எல்லாம் வயக்காடுதான். இது நெழல் செடிலே" என்பாய். நான் கேட்டேனா? பெரிய விளக்காக வாங்கி, விடிந்ததிலிருந்து படுக்கும்வரை எரியவிட்டேன். வீட்டில் பேச ஆளில்லை. தொட்டி பளிச்சென்று இருந்தால் நீ உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. பத்தே நாளில் பாசி இலைகளை மூடியது. ஒரு மீன் செத்து மிதந்தது.

உன் காகிதத்தை நானே வாசிக்க, அந்த வாரமே முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். பாசியைச் சுரண்டிக்கொண்டே நாலு மாதம் படித்தேன். போன வாரம் காகிதத்தைப் பிரித்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தேன். "சின்ன விளக்கு போதும். ஆறு மணி நேரம். பொறவு அணைச்சிரு."

கடைக்குப் போய்ச் சின்ன விளக்கு கேட்டேன்.

"எல்லாரும் பெருசு கேப்பாங்க. யாரு சொன்னா பெரியவரே?"

"எழுதியிருக்கு" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி வாசித்துக் காட்டினேன். எனக்கு ஒரே சந்தோஷம்.

கடைசி வரியை மட்டும் அங்கே வாசிக்கவில்லை. "மீன் செத்தா அழுதுக்கிட்டு இருக்காதலே. மிச்சத்துக்கு இரை போடு."

போட்டுவிட்டேன் மாப்ள. ஆறு மணி நேரம் முடிந்து விளக்கையும் அணைத்தாயிற்று. வீடு மறுபடி மங்கிவிட்டது. காகிதம் சட்டைப்பையில் இருக்கிறது. கல்லில் கட்டிய செடியில் சுருண்டபடி ஒரு குருத்து தெரிகிறது. அது விரிந்ததா என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.