புல்லும் ஒரு பயிராம்

ஜோகன்னஸ்பர்க்

அன்புள்ள எஸ்னாட்டி,

நீயும் வயிற்றுப் பிள்ளையும் நலம் என்றால் நானும் நலம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேலை போகவில்லை.

நான் வேலை செய்யும் வீட்டு க்ளூட்டா அம்மாள் கடைக்குப் புறப்படும்போது, "பெட்சன், முற்றத்துப் புல்லுக்கு அடியில புழு இருக்கு. இன்னிக்கே ஒழிச்சுடு" என்றார். நம் மலாவியில் செய்வதுபோல் மண்வெட்டியால் புல் முழுவதையும் வேரோடு செதுக்கி எறிந்தேன். வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிவிட்டு, வெறும் மண்ணை அழகாகப் பெருக்கியும் வைத்தேன்.

திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"புல் எங்கே?"

"எடுத்துட்டேன்மா. இனிமே பாம்பு வராது."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "புல்லைக் காப்பாத்தத்தானே புழுவை ஒழிக்கச் சொன்னேன்."

மாடுகூட மேயாத புல். பக்கத்து வீட்டில் வேலை செய்யும் நம் ஊர் யாமிகானி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "அட மடையா, இங்க அதுதான்டா பயிர்" என்று சிரிக்கிறான்.

இப்போது அதே மண்வெட்டியால் குழி பறித்துப் புல் நடுகிறேன். ஊரில் யாரிடமும் சொல்லிவிடாதே.

அங்கே மழை பிடித்திருக்கும். உன்னால் குனிய முடியாது, உன் தம்பியைக் கூப்பிட்டு நம் வாசலைச் செதுக்கச் சொல். அங்கே புல்லைப் பார்த்து, இந்த வீட்டு ஆள் இனி வரமாட்டான் என்று எவனும் நினைத்துவிடக் கூடாது.

அம்மாள் கூப்பிடுகிறார்.

பெட்சன்