என் முகம் போட்ட மதிப்புரை

செவ்வாய், இரவு

படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. பக்கத்து வீட்டு சரசக்காவின் கணவருக்குக் காலையில் தலைசுற்றல் வந்து, பெருந்துறை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ரத்த அழுத்தம் மிக அதிகமாம். வீட்டில் வாங்கி வைத்த பிபி மெசினோ எல்லாம் சரி என்றே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

சாயங்காலம் பார்க்கப் போனேன். அக்கா என்னை வராந்தாவுக்குக் கூட்டிவந்தார்.

"ஏனுங்க டீச்சர், நீங்க நல்லா இருக்குதுன்னு எழுதுனதப் பாத்துத்தானுங்க அந்த மெசின வாங்குனோம்."

நான் எங்கே எழுதினேன்? போனை நீட்டினார். பொருட்களைச் சோதித்து மதிப்பெண் போடும் ஒரு இணையதளம். அதில் என் முகம். பள்ளி ஆண்டு விழாவில் எடுத்து நான் இணையத்தில் போட்ட படம். கீழே யாரோ ஒரு பிரியாவின் பெயர். அந்த மெசினை மூன்று மாதம் பயன்படுத்திப் பார்த்தாராம்.

"பேரு வேறயா இருக்குதேக்கா!"

"வேலைக்குத் தொந்தரவு வருமுன்னு பேர மாத்திப் போட்டிருக்கறீங்கன்னு நெனச்சேனுங்க."

அது நானில்லை என்று எவ்வளவு சொல்லியும் அவர் முகம் தெளியவில்லை. என் படத்தை எடுத்துவிடச் சொல்லி அங்கிருந்தே அந்தத் தளத்துக்கு எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று உடனே பதில் வந்தது. படம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

கிளம்பும்போது அக்கா கேட்டார்: "அப்ப எந்த மெசின்தானுங்க நம்பி வாங்கறது? நீங்களே பாத்துச் சொல்லிப்போடுங்க."

வீட்டுக்கு வந்ததிலிருந்து தேடுகிறேன். ஒவ்வொரு தளத்திலும் மதிப்புரைக்குப் பக்கத்தில் யாரோ சிரிக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் அங்கே இருப்பது தெரியும்? எந்த மெசினை வாங்குவதென்று அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை.