பிளந்த நகம்

நெப்ராஸ்கா,
14 அக்டோபர் 1974

திருமதி ஃபுசாயே நிஷிகோரி அவர்களுக்கு,

இல்லை, ஆறவில்லை. உங்கள் கணவரின் கட்டைவிரல் நகம் கடைசிவரை பிளந்துதான் இருந்தது. நான் பார்த்தேன்.

உங்கள் மகள் ஆங்கிலத்தில் எழுதித் தந்த கடிதம், என் கணவர் வெண்டல் இறந்து மூன்றாவது வாரம் வந்தது. அனுதாபத்துக்கு நன்றி. கர்னலாக இருந்த அவர் அன்று அனுப்பிய உங்கள் கணவரின் நகங்களில் பிளவே இல்லையே, சிறையில் ஆறிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். மூன்று பதில்கள் எழுதிக் கிழித்துவிட்டேன்.

தூக்கிலிடப்பட்டவர்களின் உடலோ சாம்பலோ வீட்டுக்குத் தரப்படவில்லை. அது உத்தரவு. டோக்கியோவில் அந்தச் சிறை என் கணவரின் பொறுப்பில் இருந்தது. போர்க்கைதிகள் முகாமில் உங்கள் கணவர் செய்ததையெல்லாம் கோப்பில் படித்திருந்தார். வெண்டலுக்கு இரக்கம் இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் கடைசி நாளன்று உங்களிடம் சேர்க்கச் சொல்லி உங்கள் கணவர் நீட்டிய சிறிய பொட்டலத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விதிப்படி அதை வாங்கியிருக்கக் கூடாது.

துவைக்கும் முன் பைகளைத் துழாவுவது என் வழக்கம். பிரித்தேன். நகத்துண்டுகள். பெரியது நடுவில் பிளந்திருந்தது. அருவருப்பாக இருந்தது. அடுப்பில் போட்டேன்.

“லோயிஸ், பையில இருந்தத எங்க வச்ச?” என்றார்.

“அந்தக் குப்பையா? அடுப்புல போட்டேன். யாரோட நகத்தையோ தூக்கிட்டு அலையுறீங்களே, கர்னலுக்கு வேற வேலையே இல்லையா?” என்று சிரித்தேன்.

அவர் கத்தவில்லை. “அந்தம்மாவுக்குப் புதைக்க அது ஒண்ணுதான் இருந்துச்சு” என்றார்.

பிறகு செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, தன் நகங்களை வெட்டினார். பத்து விரல்களிலும். நிதானமாக.

“இது பொய்தானே, வெண்டல்?”

“ஆமா. வேற என்ன இருக்கு? நீயே சொல்லு.”

வெட்டியதைப் பொட்டலமாக மடித்து உங்களுக்கு அனுப்பினார்.

அதன்பின் அவர் என் முன்னால் நகம் வெட்டியதேயில்லை. ஊர் திரும்பியதும் தானியக் கிடங்கில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்தார். சிறையைப் பற்றிப் பேசமாட்டார். எங்கள் வீட்டில் எந்த அறைக்கும் தாழ்ப்பாள் கிடையாது. ஒவ்வொரு மே மாதமும், உங்கள் கணவரின் நினைவுநாளையொட்டி, உங்கள் நன்றி அட்டை வரும். படித்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டார்.

மருத்துவமனையில் கடைசியாகத் தெளிவாகச் சொன்னது இதுதான்: “அந்தம்மாகிட்ட நீ சொல்லிடு. என்னால முடியல.”

அடுப்பில் போட்டது நான். இருபத்தைந்து வருடங்களாக நீங்கள் ஊதுபத்தி ஏற்றியது, உங்கள் கணவரைச் சிறையில் வைத்திருந்தவரின் நகங்களுக்கு. மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா, தெரியவில்லை.

உங்கள் கணவருடையதில் மிச்சமிருப்பது நான் பார்த்தது மட்டுமே. பிளவு நேராக இல்லை, இடப்பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தது. அதை வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்டலின் நகங்களை நீங்கள் ஊதுபத்தி ஏற்றும் இடத்திலிருந்து எடுத்துவிட நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நெருப்பில் மட்டும் போடாதீர்கள். எங்காவது மண்ணில் போட்டுவிடுங்கள்.

நீங்களும் மகளும் நல்ல உடல்நலத்தோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
லோயிஸ் ஹாலிடே

பி.கு. தபால் நிலையத்தில் நின்றபடி இதை எழுதுகிறேன். வீட்டில் இருந்தால் இதையும் கிழித்துவிடுவேன் என்று நடந்தே வந்தேன். உறையை இப்போது ஒட்டுகிறேன்.