இடப்பக்கச் சக்கரம்

பதிவு 1. காலை 08:10. நிலாவின் தென்முனை, பள்ளத்தாக்கு வழி

வண்டி எண் இரண்டு. ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் நான், நாச்சியார். உடன் வருபவன் பாறை ஆய்வாளன் பிரிட்டோ. மின்கலம் நன்று, காற்று நன்று. பின் அச்சின் டிஃபரன்ஷியலில் சத்தம்.

நாலு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார் வைத்திருந்தால் இப்படி எழுத வேண்டியதே இல்லை. செலவைக் குறைக்கிறேன் என்று நடுவில் ஒரே மோட்டாரை வைத்து, பழைய ஜீப் மாதிரி டிஃபரன்ஷியல் மாட்டிய புண்ணியவான் பூமியில் சௌக்கியமாக இருக்கட்டும். வளைவில் இரண்டு சக்கரங்களையும் வேறுவேறு வேகத்தில் சுற்ற விடுவதுதான் அதன் ஒரே வேலை. அதைத் தோன்றினால் செய்கிறது, தோன்றாவிட்டால் செய்வதில்லை. இடது வளைவில் 'டக்' என்று இருக்கை வழியாக முதுகில் இடிக்கிறது. நிறுத்திச் சோதித்தால் ஒன்றுமே இல்லை. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் ஓடிப்போகும் பிள்ளையைப் போல நடிக்கிறது.

பக்கத்து இருக்கையிலிருந்து பிரிட்டோ: "நீ மெதுவா ஓட்டுக்கா. நான் எறங்கி கூடவே நடந்து வாரேன். அந்தச் சக்கரம் என்ன சேட்டை பண்ணுதுன்னு கண்ணால பாத்தாத்தான் தெரியும்."

சரி என்று சொல்லியிருக்கிறேன்.

பதிவு 2. 11:35

இடது வளைவில் பின் அச்சு பூட்டிக்கொண்டது. இரண்டு சக்கரமும் ஒன்றாக இழுத்து வண்டியின் வால் வெளியே வீசியது. பிரிட்டோவைப் பாறையோடு வைத்து நசுக்கிவிட்டது.

விண்வெளி உடை கிழியவில்லை. அதிலிருந்த வானொலி உடைந்துவிட்டது. நெஞ்சில் அடி. உள்ளே தூக்கி வந்து உடையைக் கழற்றி, மருத்துவக் கருவியை மாட்டிவிட்டேன். நாடி இருக்கிறது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான், பிறகு மூடிக்கொண்டான்.

பதிவு 3. 13:00

நிலையத்திலிருந்து நெய்னா: "யக்கா, முதலாம் வண்டி பிரிச்சுப் போட்டுக் கிடக்கு. இங்கேருந்து ஆரும் வர முடியாது. நீங்கதான் கொண்டு வரணும். டாக்டரம்மா தயாரா நிக்காங்க. சாயங்காலத்துக்குள்ள கொண்டு வந்துட்டா பொழைச்சுக்குவான்னு சொல்லுதாங்க. முகட்டுல நெழல் ஏறுததுக்கு முன்னால தாண்டிருங்க. நெழல்ல மின்கலம் தாங்காது."

முகட்டு வழி முழுக்க இடது வளைவு. வலப்பக்கம் அதல பாதாளம். அச்சு அங்கே ஒரு தடவை பூட்டிக்கொண்டாலும் இரண்டு பேரும் கீழே போவோம். முதலில் இந்தச் சனியனைச் சரிசெய்தாக வேண்டும். பிரிட்டோவுக்குத் தண்ணீர் தொட்டு உதட்டை நனைத்தேன். நான் பயந்து போயிருக்கிறேன்.

பதிவு 4. 14:50. உடைக்குள்ளிருந்து, குரல் பதிவு

பின்னால் நடுவில் ஜாக்கி கொடுத்து இரண்டு பின்சக்கரங்களையும் தூக்கியாயிற்று. பேரிங்கில் ஆட்டமில்லை. பல்சக்கரத்தில் உடைசல் இல்லை. கிரீஸ் மட்டும் கல்லாக இறுகியிருக்கிறது. நிழலில் குளிர்ந்தால் இறுகுகிறது, வெயிலில் இளகுகிறது. விட்டு விட்டு வரும் கோளாறின் ரகசியம் இவ்வளவுதான்.

மணலில் புதையும்போது இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்ட உள்ளே ஒரு வளையம் உண்டு. அது தூசியிலும் கிரீஸிலும் சிக்கிப் பாதி வழியில் நிற்கிறது. அதைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது. ஆனால் நான் வலப்பக்கம் படுத்து, சோதனைத் துளையில் கையை விட்டு வளையத்தை இழுக்கும்போது, யாராவது இடச்சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் சுற்ற வேண்டும். பல் நேருக்கு நேர் வந்தால்தான் வளையம் விடும். இது இரண்டு ஆள் வேலை. தனியாக எவ்வளவு முயன்றும் நடக்கவில்லை. அழுதேன். தலைக்கவசத்துக்குள் அழுதால் துடைக்கவும் முடியாது.

பதிவு 5. 15:20. குரல் பதிவு

வலச்சக்கரம் சுற்றுகிறது!

நான் தொடவில்லை. மோட்டார் அணைந்திருக்கிறது. கியர் விழுந்திருப்பதால் நடுத்தண்டு அசையாது. இந்த நிலையில் ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றும். இது பின்னோக்கிச் சுற்றுகிறது என்றால் அந்தப் பக்கம் ஒருவன் முன்னோக்கிச் சுற்றுகிறான். பிரிட்டோ எழுந்து வந்துவிட்டான்! அடித்தட்டு மறைப்பதால் எனக்கு அவன் தெரியவில்லை. போய் அவனைத் திட்டி உள்ளே அனுப்ப வேண்டும், ஆனால் வளையம் இப்போதுதான் அசைந்து கொடுக்கிறது.

வானொலி இல்லாதபோது எங்கள் வழக்கம், அச்சில் ஸ்பேனரால் தட்டுவது. இரண்டு தட்டு என்றால் சுற்று. ஒரு தட்டு என்றால் போதும், நிறுத்து. ஒன்று தட்டினேன். நின்றது. இரண்டு தட்டினேன். சுற்றியது. நெஞ்சில் அடிபட்ட கழுதை, என்ன பொறுமையாகச் சுற்றுகிறான்!

பதிவு 6. 15:45. குரல் பதிவு

வளையம் வந்துவிட்டது. சக்கரங்கள் வெண்ணெய் மாதிரி சுற்றுகின்றன. ஜாக்கியை இறக்குவதற்கு முன் அவனைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போக வேண்டும். சாயங்காலத்துக்குள் சேர்ந்துவிடுவோம்.

பதிவு 7. 16:05. வண்டிக்குள்

இடப்பக்கம் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. உள்ளே போய்விட்டான் என்று நினைத்து வந்தேன்.

பிரிட்டோ நான் படுக்க வைத்தபடியே படுத்திருக்கிறான். அவன் உடை கொக்கியில் தொங்குகிறது. கை சில்லிட்டிருக்கிறது. கருவியின் பதிவில் நாடி நின்ற நேரம் 15:12.

மூன்று முறை பார்த்தேன். 15:12தான்.

மறுபடி வெளியே போனேன். இடச்சக்கரத்தடியில் தூசி திருநீறு கொட்டிப் பரப்பியதைப் போல வழவழவென்று கிடக்கிறது. சற்று முன் நான் வந்து நின்ற இரண்டு தடங்கள் மட்டும் இருக்கின்றன. இங்கே காற்றே கிடையாது. தடத்தை அழிக்க எதுவும் கிடையாது.

ஒருவேளை சக்கரம் எடை சரியில்லாமல் தானாகச் சுற்றியிருக்கலாம். அப்படியானால் ஒரு இடத்தில் நின்றுவிடும். கிரீஸ் இளகி விட்டுக்கொடுத்திருக்கலாம். அப்படியானால் தட்டியதும் நிற்காது. எல்லாக் காரணங்களையும் ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டேன். மிச்சம் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

பதிவு 8. 16:50. குரல் பதிவு

நெய்னா: "யக்கா, பிரிட்டோ போயிட்டான். நீங்களாவது வாங்க. வண்டிதான் சரியாயிட்டே? ஜாக்கிய எறக்குங்க. நெழல் ஏறுது யக்கா, கெஞ்சிக் கேக்கேன்."

அவனுக்குப் புரியாது. ஜாக்கியை இறக்கினால் சக்கரம் மண்ணில் பதியும். பதிந்தால் பிரிட்டோவால் சுற்ற முடியாது. நான் வலப்பக்கம் உட்கார்ந்து சக்கரத்தில் கை வைத்திருக்கிறேன். இரண்டு தட்டு தட்டினேன். அசையவில்லை.

17:10

நிழல் முன்சக்கரம் வரை வந்துவிட்டது. நெய்னா அழுகிறான். வானொலியை அணைத்துவிட்டேன்.

17:22

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு, சக்கரத்தில் வைத்த என் கையில் வந்து இடித்தது. குளிரில் இரும்பு சுருங்கினாலும் இப்படித்தான் இடிக்கும், எனக்குத் தெரியாதா? ஆனால் ஒரே ஒரு தட்டு. போதும், நிறுத்து, கிளம்பு என்கிறான். உயிரோடு இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பான்.

எனக்குத்தான் மனசு வரவில்லை. இரண்டு தட்டு தட்டுகிறேன். பிரிட்டோ, இன்னும் ஒரே ஒரு சுற்று, அப்புறம் நான்