நீ அடைத்த கூரை

என் அருமை சேவியர் அண்ணே,

அங்கேயும் ஏணி போட்டு எதையாவது பழுது பார்த்துக்கொண்டுதான் இருப்பாய். கொஞ்சம் இறங்கி வந்து இதைக் கேள்.

கல்லறைத் திருநாளுக்கு நானும் அண்ணியும் நீ வீடு வாங்கிய லாபிஸுக்கு வந்தோம். உன் கல்லறையைக் கழுவி, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்றில் அது அணைந்துகொண்டே இருந்தது. எனக்குத்தான் ஓரிடத்தில் கால் நிற்காதே. அண்ணி ஜெபமாலை சொல்லி முடிப்பதற்குள் கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். வீட்டையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று அண்ணிதான் சொன்னார்.

சிங்கப்பூரில் உன்னோடு வேலை செய்தவர்கள் எல்லாம் ஜொகூர் பாருவில் புது வீடு தேடினார்கள். நீ மட்டும் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு சீன முதலாளி, அந்தக் காலத்துத் தவுக்கே, விட்டுப்போன பலகை வீட்டைக் காட்டி, பின்னால் இருக்கும் புகைக்கொட்டகைக்காகவே வாங்கினேன் என்றாய். வீட்டை விட உயரமான மரக்கொட்டகை. ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டுகளைக் கம்புகளில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிப் புகை போட்ட இடம். குடியிருக்க வீடு வாங்கச் சொன்னால் அடுப்பை வாங்கியிருக்கிறாயே என்று கேலி செய்தேன்.

நீ என்னை உள்ளே இழுத்துப் போய்க் கறுத்த பலகையைக் காட்டி, "மோந்து பாரு" என்றாய். நெருப்பு அணைந்து எத்தனையோ காலம் ஆகியும் புகை வாசம் போகவில்லை. பலகை இடுக்குகளில் வெயில் கோடு கோடாக விழுந்தது. அன்று நான் அங்கேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னை உட்கார வைத்த ஒரே இடம் அதுதான்.

இப்போது உள்ளே போனால் புகை வாசம் இல்லை அண்ணே. பூஞ்சை நாற்றம். ஒரு தூணில் விரலை வைத்தேன், உள்ளே போய்விட்டது.

அண்ணி அப்போதுதான் சொன்னார். ஒரு மர வியாபாரி வந்து பார்த்தாராம். பலகைகளைப் பிரித்து உணவகத்துக்கு மேசை செய்வாராம். இந்த மழைக்காலம் போனால் விறகுக்குத்தான் ஆகும், வர்ற வாரமே லாரி கொண்டுவருகிறேன் என்றாராம். வயசான கொட்டகை, கண்ணெதிரே விழுவதைப் பார்ப்பதற்கு இது மேல் என்று அண்ணி பாதி மனதாகச் சம்மதித்துவிட்டார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அப்புறம்தான் மேலே பார்த்தேன். கூரை உச்சியில், புகை போக விட்ட நீளத் திறப்பு. அதில் வவ்வால் வருகிறது, சாரல் அடிக்கிறது என்று போன மழைக்கு முன் தகரம் வைத்து அடித்தாயே. நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் உன் நெஞ்சு நின்றுபோனது.

ஏணி அங்கேயேதான் சாய்ந்திருந்தது. ஏறி ஒரு தகரத்தின் முனையை நெம்பினேன். அடிப்பக்கம் முழுக்க வேர்த்திருந்தது. சாரலை நிறுத்தினாய், சரி. மண்தரையின் ஈரம் எந்த வழியாக வெளியே போகும்? புகை போக விட்ட வழியில்தானே இத்தனை காலமும் அது போயிருக்கிறது? இதை யோசிக்காமல் அடித்தாயே என்று உன் மேல் கோபம் வந்தது. கோபித்துக்கொள்ள நீ இல்லையே என்று அழுகையும் வந்தது.

கீழே அண்ணி நின்றிருந்தார். "கை வைக்காத ஸ்டெல்லா. அது அவரு கடைசியா செஞ்ச வேலை."

என்ன சொல்வது, நீயே சொல். கொட்டகையைக் கொன்றுகொண்டிருப்பது உன் கைதான் என்று உன் மனைவியிடம் எப்படிச் சொல்வது? இறங்கி வந்து என் ஈரக் கையை அவர் கையில் வைத்தேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

அண்ணி அந்தக் கையை விடவில்லை. தூணைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு, "கழட்டலாம். ஆனா நான் இருக்கும்போது கழட்டு. ஆணியை எல்லாம் என்கிட்ட குடு" என்றார்.

வியாபாரியை வர வேண்டாம் என்று அங்கிருந்தே போன் போட்டுச் சொல்லிவிட்டார். கொட்டகை பிழைக்குமா? தெரியாது. மழை தொடங்கிவிட்டது, இரண்டு தூண்களை மாற்ற வேண்டும்.

சனிக்கிழமை உன் தகரங்களை ஒன்றுவிடாமல் கழற்றுகிறேன், இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. தரையில் விறகு மூட்டி ஒரு நாள் முழுக்கப் புகை போடுவேன், பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். வவ்வால்கள் திரும்ப வரும். கோபித்துக்கொள்ளாதே அண்ணே.

உன் கால் நிற்காத தங்கச்சி,
ஸ்டெல்லா